நாலு முடிஞ்சு அஞ்சு நடக்குது

நாமக்கல்லில் முட்டைக்குப் பஞ்சம் கிடையாது. ஆனால் கடையில் வாங்குகிற முட்டைக்குள் உயிர் இருக்காது. சேவலைக் கண்ணால்கூடப் பார்க்காத கூண்டுக் கோழி இட்ட முட்டை அது. எத்தனை நாள் சூட்டில் வைத்தாலும் கெட்டுப்போகுமே தவிரக் குஞ்சாகாது. என் ஆய்வுக்கு வேண்டியது கருக்கட்டிய முட்டை. அது குஞ்சு பொரிக்கிற ஹேச்சரியில்தான் கிடைக்கும். மோகனூர் பக்கத்தில் அப்படியொரு ஹேச்சரியில் என் அப்பா பதினெட்டு வருடமாக வேலை பார்க்கிறார்.

இந்தக் கடைசி வாக்கியத்தை நான் சேலத்தில் என் நெறியாளரிடம் சொல்லவில்லை. "ஹேச்சரியில் தெரிந்தவர் ஒருவர் இருக்கிறார்" என்று மட்டும் சொன்னேன். அப்பா மூலமாக முட்டை வருகிறது என்றால் என் முடிவுகளை யாராவது சந்தேகப்படுவார்கள் என்று அதற்கு ஒரு காரணமும் வைத்திருந்தேன். அந்தக் காரணத்தை நான் பிற்பாடு உண்டாக்கிக்கொண்டேனோ என்று இப்போது எனக்கே சந்தேகம். சேர்க்கைப் படிவத்தில் தந்தையின் தொழில் என்ற இடத்தில் "கூலி" என்று எழுதும்போது கையால் மறைத்துக்கொண்டுதான் எழுதினேன். எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூடத்தைத் தாண்டிப் போனவன் நான் ஒருவன்தான். அப்பாவுக்கு எழுத்து வராது. எண் மட்டும் நன்றாக எழுதுவார்.

என் ஆய்வு, கோழிக் கருவில் மூப்படையும் செல்களைப் பற்றியது. செல் மூப்பு என்றால் ஒரு செல் இனிமேல் இரண்டாகப் பிரிவதில்லை என்று நின்றுவிடுவது. அது செத்துப்போவதில்லை. இருந்த இடத்திலேயே இருந்துகொண்டு சுற்றியுள்ள செல்களுக்குச் சேதி அனுப்பிக்கொண்டிருக்கும். வயதான உடம்பில்தான் இப்படி நடக்கும் என்று வெகுகாலம் நினைத்தார்கள். பிறகு எலிக் கருவிலும் கோழிக் கருவிலும் இதைக் கண்டார்கள். கை கால் முளைக்கிற இடத்தில் முதலில் ஒரு சின்ன மொட்டு வரும். அந்த மொட்டின் நுனியில் தோல் கொஞ்சம் தடித்து ஒரு வரப்பு மாதிரி ஓடும். "இன்னும் வளர், இன்னும் நீள்" என்று உள்ளே இருக்கும் சதைக்குச் சொல்வது அந்த வரப்புதான். அந்த வரப்பில் இருக்கும் செல்களில் சில மூப்படைந்தவை. வேலை முடிந்ததும் வேறு செல்கள் வந்து அவற்றை விழுங்கிவிடும். பிறந்த குஞ்சின் காலில் அந்த வரப்பு இருந்த அடையாளமே இருக்காது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் இதை வீட்டில் விளக்கப் பார்த்தேன். அம்மா வெண்டைக்காய் அரிந்துகொண்டிருந்தார். ஒவ்வொரு காயின் நுனியையும் ஒடித்துப் பார்த்து, ஒடியாததைத் தனியாகப் போட்டார். நான் அந்த முத்தல் காயைக் கையில் எடுத்துக்கொண்டு, இந்த மாதிரிதான், முத்திப்போன செல் கருவுக்குள்ளேயே இருக்கிறது என்றேன்.

"குஞ்சே இன்னும் வரல. அதுக்குள்ள கெழடா?" என்றார் அப்பா.

அம்மா, முத்தலை எதுக்குக் கரு வைத்துக்கொண்டிருக்கிறது, தூக்கிப்போட வேண்டியதுதானே என்று கேட்டார். அது பக்கத்தில் இருப்பதை வளரச் சொல்கிறது, சொல்லி முடித்ததும் வேறு செல்கள் அதை எடுத்துவிடும் என்றேன். அப்பா, "சரிதான். எங்க ஹேச்சரியிலயும் அப்படித்தான்" என்று சொல்லிவிட்டுத் தண்ணீர் குடிக்கப் போனார். அன்று அதற்கு எல்லோரும் சிரித்தோம்.

மூப்படைந்த செல்லைக் கண்டுபிடிக்க ஒரு சாயம் இருக்கிறது. முட்டையை உடைத்துக் கருவை மெல்ல எடுத்து, கழுவி, சாயக் கரைசலில் போட்டு இளஞ்சூட்டில் வைத்துவிட்டு மறுநாள் காலை நுண்ணோக்கியில் பார்த்தால் அந்தச் செல்கள் நீலமாகத் தெரியும். மூப்படைந்த செல்லுக்குள் ஒரு நொதி அதிகமாகச் சேர்ந்திருக்கும். அதுதான் நீலம் காட்டுகிறது. ஆனால் அந்த நொதி எல்லாச் செல்லிலும் கொஞ்சம் இருக்கிறது. கரைசலின் புளிப்பு ஒரு துளி கூடினாலும் சாதாரணச் செல்கூட நீலமாகும். மஞ்சள் கருவைச் சுற்றியிருக்கும் சவ்வு எப்போதுமே நீலம்தான். அது மூப்பினால் அல்ல, செரிக்கும் வேலை அங்கே அதிகம் என்பதால். அதனால் என் நெறியாளர் எனக்குச் சொன்ன முதல் வாக்கியமே, "நீலத்தை நம்பாதே" என்பதுதான். இரண்டாவது வாக்கியத்தை நான் சரியாகக் கவனிக்கவில்லை. "முட்டையில் எழுதியிருக்கிற நாளையும் நம்பாதே. கால் மொட்டின் வடிவத்தைப் பார்த்து வயதைப் போடு" என்றார். நாள் எழுதியிருக்கும்போது வடிவத்தை எதற்குப் பார்க்க வேண்டும் என்று நினைத்துக்கொண்டேன்.

எந்த நாளில் நீலம் வருகிறது, எந்த நாளில் போகிறது என்பதுதான் என் கேள்வி. எங்கள் ஆய்வகத்தில் இருக்கும் பொரிப்புப் பெட்டி சின்னது, பதினைந்து முட்டைக்கு மேல் கொள்ளாது. அது போதாமல், திங்கட்கிழமைகளில் ஊரிலிருந்து திரும்பும்போது ஹேச்சரியிலேயே சூட்டில் இருந்த முட்டைகளை வாங்கி வருவேன். மேனேஜர் அனுமதி கொடுத்திருந்தார். முட்டைகளைச் சூட்டில் அடுக்கும் அறைக்குச் செட்டர் ரூம் என்று பெயர். அப்பா அங்கேதான் வேலை. "அஞ்சு நாள் முட்டை வேணுங்கப்பா" என்று போனில் சொன்னால் போதும். பென்சிலால் 5 என்று எழுதிய முட்டைகள் பஞ்சு போட்ட தெர்மகோல் பெட்டியில் தயாராக இருக்கும். பக்கத்தில் ஒரு சுடுதண்ணீர் பாட்டிலையும் வைத்து, பெட்டியை மடியில் அணைத்துக்கொண்டு ராசிபுரம் வழியாகப் பேருந்தில் சேலம் போவேன். பக்கத்து இருக்கைக்காரர் யாராவது பெட்டிக்குள் என்ன என்று கேட்பார்கள். மருந்து என்று சொல்லிவிடுவேன். நாமக்கல்லிலிருந்து ஒருவன் முட்டையை இப்படி மடியில் வைத்துக்கொண்டு போகிறான் என்றால் சிரிப்பார்கள்.

மூன்று மாதம் இப்படி நடந்தது. பிறகு ஒரு நாள் நெறியாளர் என் படங்களை மேசையில் இரண்டு வரிசையாகப் பரப்பினார். மேல் வரிசை, நான் ஆய்வகத்தில் வைத்த ஐந்து நாள் கருக்கள். கால் மொட்டின் நுனியில் பேனாவால் இழுத்த மாதிரி நீலக் கோடு. கீழ் வரிசை, ஹேச்சரியிலிருந்து கொண்டுவந்த ஐந்து நாள் கருக்கள். கோட்டையே காணோம். சிலவற்றில் லேசாக ஒரு கறை. கருவும் சின்னதாக இருந்தது.

"இதுவும் அஞ்சு நாள், அதுவும் அஞ்சு நாள். ஏதோ ஒண்ணு பொய்" என்றார்.

அவர் கோபப்படவில்லை. கோபப்பட்டிருந்தால் தேவலை. கண்ணாடியைக் கழற்றி என்னையே பார்த்தார். மேல் வரிசை இவ்வளவு ஒழுங்காக இருக்கிறதே, நல்ல படத்தை மட்டும் பொறுக்கினாயா என்று கேட்டார். இல்லை என்றேன். காரணம் தெரியும்வரை இந்த அத்தியாயம் ஆய்வுக்குழுவுக்குப் போகாது என்று சொல்லிவிட்டார்.

அதற்குப் பிறகு நான் எல்லாவற்றையும் சந்தேகப்பட ஆரம்பித்தேன். புளிப்பை அளக்கும் கருவியைச் சந்தேகப்பட்டுப் பக்கத்துத் துறையின் கருவியில் அளந்து பார்த்தேன். சரியாக இருந்தது. சாயப் பொடி பழையதா என்று புதியது வாங்கினேன். தண்ணீரை மாற்றினேன். பேருந்தில் முட்டை குளிர்ந்துபோகிறதோ என்று பெட்டிக்குள் வெப்பமானி போட்டுப் பார்த்தேன். கூடப் படிக்கிற ஒருவன் என் கரைசலில் கை வைக்கிறானோ என்றுகூட இரண்டு நாள் அவனையே கவனித்தேன். பாவம், அவனுக்குத் தன் மீன் தொட்டியைத் தவிர வேறு எதிலும் அக்கறை கிடையாது. எல்லாம் சரியாக இருந்தது. முட்டை மட்டும்தான் மிச்சம்.

முட்டை என்றால் அப்பா.

ஹேச்சரியில் ஒரு மேசை உண்டு. இருட்டில் விளக்குக்கு மேல் முட்டையைப் பிடித்துப் பார்ப்பார்கள். உள்ளே சிவப்பு நரம்பு வலை மாதிரி ஓடியிருந்தால் கரு வளர்கிறது. ஓடாததையும் பாதியில் நின்றதையும் தனி ட்ரேயில் ஒதுக்குவார்கள். ஒரு திங்கட்கிழமை நான் சொல்லாமல் சீக்கிரமே போயிருந்தேன். கதவுக்கு வெளியே நின்று பார்க்கும்போது அப்பா அந்த மேசையில் இருந்தார். பெரிய ட்ரேயிலிருந்து முட்டைகளை ஒவ்வொன்றாக விளக்கில் பார்த்து, சிலதை மட்டும் எடுத்து ஓரத்தில் இருந்த சின்ன ட்ரேயில் வைத்து, அவற்றில் பென்சிலால் எழுதிக்கொண்டிருந்தார். எனக்குக் கொடுத்தது அந்தச் சின்ன ட்ரேயிலிருந்துதான்.

அன்று அது எனக்கு ஒன்றுமாகத் தோன்றவில்லை. இப்போது தோன்றியது. நல்ல முட்டையை வெளியே கொடுத்தால் கணக்குக் கேட்பார்கள் என்று பயந்து, ஒதுக்கின முட்டையை, பாதியில் வளர்ச்சி நின்றதை, எனக்குத் தள்ளிவிடுகிறார். கரு சின்னதாக இருப்பதற்கும் நீலம் வராததற்கும் அதுதான் காரணம். எல்லாம் கச்சிதமாகப் பொருந்தியது. அடுத்த வாரம் ஊருக்குப் போனபோது, "நல்ல முட்டையாத்தான் குடுக்கறீங்களாப்பா?" என்று கேட்டேன். சைக்கிளைத் துடைத்துக்கொண்டிருந்தவர் திரும்பாமலே, "நல்ல முட்டைதான் சாமி குடுக்கறேன்" என்றார். திரும்பாமல் சொன்னதையும் நான் கணக்கில் எடுத்துக்கொண்டேன்.

சேலம் வந்ததும் நெறியாளரிடம், ஹேச்சரியில் முட்டை கொடுக்கிறவர் ஒதுக்கின முட்டையைக் கலந்து கொடுக்கிறார் என்று நினைக்கிறேன் என்று சொன்னேன். கொடுக்கிறவர் என்றுதான் சொன்னேன். நேரில் பார்த்தாயா என்று கேட்டார். பார்த்தேன் என்றேன். அவர் அப்போதே போனை எடுத்து, அனுமதிக் கடிதத்தில் இருந்த எண்ணைப் பார்த்து, மேனேஜரை அழைத்தார். உங்கள் ஆள் ஒருவர் கழிவு முட்டையைக் கலக்கிறார் போலிருக்கிறது, எங்கள் மாணவனுடைய மூன்று மாத வேலை வீணாகிவிட்டது என்று மரியாதையாகத்தான் பேசினார். நான் இரண்டடி தள்ளி நின்றுகொண்டிருந்தேன். மேடம், அவர் என் அப்பா என்று சொல்ல அவ்வளவு நேரமும் எனக்கு இருந்தது. மேனேஜருக்கு அது தெரியும், அவர் சொல்லிவிடுவாரோ என்றுதான் என் பயமெல்லாம். அவர் சொல்லவில்லை போலிருக்கிறது. போனை வைத்துவிட்டு நெறியாளர் வேறு வேலை பார்க்கப் போய்விட்டார்.

அடுத்த முறை ஊருக்குப் போனபோது வீட்டில் ஏதோ மாறியிருந்தது. அப்பா வேலையிலிருந்து வந்தால் அவர் சட்டையில் செட்டர் ரூமின் வெதுவெதுப்பான ஒரு வாசனை இருக்கும். அன்று பிளீச்சிங் பவுடர் நெடி அடித்தது. விரல் நுனிகள் வெளுத்துச் சுருங்கியிருந்தன. சாப்பிடும்போது, "முட்டைக்கு இனிமே மேனேஜர்கிட்டயே கேட்டுக்க சாமி" என்றார். ஏன் என்று கேட்டதற்குச் சோலி மாறிவிட்டது என்று மட்டும் சொல்லிவிட்டுத் தட்டை எடுத்துக்கொண்டு எழுந்தார்.

அம்மாதான் கொல்லையில் வைத்துச் சொன்னார். "ட்ரே கழுவற எடத்துல போட்டுட்டாங்களாம். பதினெட்டு வருசம் உள்ள இருந்த மனுசன். ஏனுன்னு கேட்டா வாயவே தொறக்க மாட்டீங்குறாரு. நீயாச்சும் கேளு சாமி."

நான் கேட்கவில்லை. புகார் சொன்னது நான்தான் என்று அவருக்குத் தெரியுமா தெரியாதா என்பதுதான் எனக்குத் தெரிய வேண்டியிருந்தது. காலேஜிலிருந்து போன் வந்தது என்று மேனேஜர் சொல்லியிருப்பார். சொல்லாமலும் இருந்திருக்கலாம். நான் அறைக்குள் நுழைந்தால் அப்பா பேச்சை நிறுத்துகிற மாதிரி இருந்தது. நிறுத்தினாரா, அல்லது பேச்சு அங்கேயே முடிந்ததா? டிவியின் சத்தத்தைக் குறைத்தால் என்னைக் கவனிக்கிறார் என்று நினைத்தேன். கூட்டினால் என்னைத் தவிர்க்கிறார் என்று நினைத்தேன். தப்பு செய்தவர் தண்டனை அனுபவிக்கிறார், இதில் எனக்கென்ன என்று ஒரு பக்கம் சொல்லிக்கொண்டேன். ஆனால் அவர் தப்பு செய்தவர் மாதிரி நடந்துகொள்ளவில்லை. அதுதான் என்னை உறுத்தியது.

அந்தச் சமயம் என் அக்கா முதல் பிள்ளையைச் சுமந்துகொண்டு எங்கள் வீட்டில் இருந்தாள். மாமா குமாரபாளையத்தில் தறி ஓட்டுகிறவர், வர முடியவில்லை. அதனால் பரிசோதனைக்கு அம்மாவோடு நான் துணைக்குப் போனேன். ஆரம்ப சுகாதார நிலையத்தில் நர்ஸ் ஒரு பெரிய நோட்டை வைத்துக்கொண்டு எழுதிக்கொண்டிருந்தார். அக்காவின் முறை வந்தது.

"எத்தனை மாசம்?"

"அஞ்சுங்க" என்றார் அம்மா.

நர்ஸ் பேனாவை நிறுத்தினார். "அஞ்சு முடிஞ்சிருச்சா, நடக்குதா?"

"நாலு முடிஞ்சு அஞ்சு நடக்குதுங்க சிஸ்டர்" என்றாள் அக்கா.

"அப்படிச் சொல்லுங்க. நீங்க பாட்டுக்கு அஞ்சுன்னு சொன்னா நான் ஒரு மாசம் கூட்டி எழுதிருவேன். அப்புறம் பிள்ளை சின்னதா இருக்குதுன்னு டாக்டர் என்னையப் புடிச்சுக்குவாரு."

அம்மா சிரித்தார். நான் எழுந்து வெளியே வந்து வேப்பமரத்தடியில் நின்றேன். பிள்ளை சின்னதாக இருக்கிறது. கரு சின்னதாக இருக்கிறது. நான் முட்டையைச் சூட்டில் வைத்து இருபத்துநான்கு மணி நேரம் ஆனால்தான் ஒரு நாள் என்று எண்ணுகிறவன். வைக்கிற நாள் எனக்குப் பூஜ்யம். அப்படித்தான் புத்தகத்தில் இருந்தது. அப்பாவுக்கு வைக்கிற நாளே முதல் நாள். ஊரில் எல்லோருக்கும் அப்படித்தான். செவ்வாய்க்கிழமை செத்தவருக்கு மூன்றாம் நாள் காரியம் என்றால் வியாழக்கிழமை போவோம். வெள்ளிக்கிழமை போகிறவனைப் பைத்தியக்காரன் என்பார்கள். நான் அஞ்சு நாள் முட்டை கேட்டேன். அவர் அஞ்சாம் நாள் முட்டை கொடுத்தார். நாலு முடிந்து அஞ்சு நடக்கிற முட்டை.

வசதியான விடை. நான் தப்பிக்க, அப்பாவும் தப்பிக்க, எல்லோருக்கும் தோதான விடை. அதனாலேயே அதை நான் நம்பவில்லை. ஒதுக்கின முட்டை என்ற விடையும் இதே மாதிரி கச்சிதமாகத்தானே பொருந்தியது?

சேலம் போய்ப் பழைய படங்களை எல்லாம் எடுத்தேன். ஆய்வகத்தில் நான் வைத்த நாலு நாள் கருக்கள், ஐந்து நாள் கருக்கள், ஹேச்சரியின் 5. படங்களில் எழுதியிருந்த நாளை மறைத்து, கலைத்து, நெறியாளரிடம் கொடுத்து, சாயத்தைப் பார்க்காமல் கால் மொட்டின் வடிவத்தை மட்டும் பார்த்து வயது பிரித்துத் தரச் சொன்னேன். எதற்கு என்று கேட்டார். பிறகு சொல்கிறேன் என்றேன். என்னைச் சந்தேகமாகப் பார்த்துவிட்டுத்தான் உட்கார்ந்தார். முக்கால் மணி நேரம் ஆனது. ஹேச்சரியின் 5 என்று நான் குறித்திருந்தவை, இரண்டைத் தவிர, எல்லாம் அவருடைய நாலு நாள் குவியலில் இருந்தன. அந்த இரண்டுக்கு இன்றுவரை எனக்குக் காரணம் தெரியாது.

கருவில் குறை எதுவும் இல்லை. ஒரு நாள் இளையவை, அவ்வளவுதான். நீலம் வராததற்குக் காரணம், அந்தச் செல்கள் இன்னும் மூப்படைய ஆரம்பிக்காததே.

விஷயத்தைச் சொன்னேன். நெறியாளர் சிரித்துவிட்டார். வடிவத்தைப் பார் என்று முதல் நாளே சொன்னேனே என்றார். பிறகு சிரிப்பு நின்றது.

"அந்த ஹேச்சரி ஆள் மேல புகார் சொன்னமே. அவர் யாரு?"

"எங்கப்பாங்க மேடம்."

நெறியாளர் கையில் இருந்த படங்களைக் கீழே வைத்தார். "நான் போன் பண்ணினப்ப நீ இங்கதான் நின்ன" என்றார். ஆமாம் என்றேன். அவர் மேனேஜரிடம் தானே பேசட்டுமா, நான் போகிறேனா என்று மட்டும் கேட்டார். போகிறேன் என்றேன்.

மேனேஜர் என்னை உட்காரச் சொல்லவில்லை. நான் சொல்வதை எல்லாம் கேட்டுவிட்டு, "அன்னைக்கு ஒண்ணு சொன்னீங்க. இன்னைக்கு வேற சொல்றீங்க. அப்பனுக்காக மாத்திப் பேசறீங்களோன்னு நான் நெனைக்கலாமில்ல?" என்றார். நினைக்கலாம்தான். நானாக இருந்தால் அப்படித்தான் நினைத்திருப்பேன். அப்பாவையே கூப்பிட்டுக் கேளுங்கள், நான் எதுவும் பேசவில்லை என்றேன்.

அப்பா ஈரக் கையை லுங்கியில் துடைத்துக்கொண்டு வந்தார். என்னைப் பார்த்துவிட்டு மேனேஜரைப் பார்த்தார். இன்று முட்டை வைத்தால் அஞ்சாம் நாள் எப்போது என்று மேனேஜர் கேட்டார். அன்று செவ்வாய்க்கிழமை.

அப்பா கட்டை விரலால் மற்ற விரல்களைத் தொட்டு எண்ணினார். "செவ்வா, பொதன், வியாழன், வெள்ளி, சனி. சனிக்கெழமைங்க."

"சரிதானே?" என்று என்னைப் பார்த்துக் கேட்ட மேனேஜர் சட்டென்று பேச்சை நிறுத்தினார். மேசையில் இருந்த பொரிப்பு அட்டவணைத் தாளை இழுத்துப் பார்த்தார். அதில் முட்டை வைத்த நாள் பூஜ்யம் என்றுதான் அச்சடித்திருந்தது. அதன்படி ஞாயிற்றுக்கிழமை. "பேப்பர்ல இப்படி இருக்குதே" என்றார், அப்பாவிடம் அல்ல, தாளிடம்.

"பேப்பர் எனக்கெங்கீங்க தெரியும். நான் வெரல்லதான் எண்ணறேன். இருவத்தொண்ணாம் நாளு குஞ்சு ஓடு கீறுதில்லீங்க. எனக்குத் தப்பி வந்ததே இல்லீங்க."

நான் முன்பே சொல்லியிருந்த அந்தச் சின்ன ட்ரேயைப் பற்றியும் மேனேஜர் கேட்டார். அப்போதுதான் அப்பா முதல் தடவையாக என்னை நேராகப் பார்த்தார்.

"ஒதுக்குனது இல்லீங்க அது. ஒதுக்கற ட்ரே அக்கட்டால இருக்குது. நரம்பு நல்லா ஓடிருக்கறதாப் பாத்து, பையனுக்குன்னு பொறுக்கி வெச்சதுங்க."

மேனேஜர் பார்க்கலாம் என்றார். பார்க்கலாம் என்றால் என்ன அர்த்தம் என்று எங்கள் ஊரில் எல்லோருக்கும் தெரியும். நாங்கள் வெளியே வந்தோம். கழுவின ட்ரேக்கள் வெயிலில் அடுக்கடுக்காகக் காய்ந்துகொண்டிருந்தன. அப்பா அதில் ஒன்றைத் திருப்பிப் போட்டார்.

"உனக்கு முன்னாலயே தெரியுமாப்பா, நான்தான் சொன்னேன்னு?" என்று கேட்டேன். நீங்கள் என்று சொல்ல வேண்டியது, பதற்றத்தில் உனக்கு என்று வந்துவிட்டது.

"காலேஜ்ல இருந்து போன்னு சொன்னாங்க. அங்க வேற ஆரு இருக்கறா எனக்கு?"

"நான் உங்ககிட்டக் கேட்டனேப்பா."

"நல்ல முட்டையான்னு கேட்ட. எப்படி எண்ணறீங்கன்னு கேக்கல." இன்னொரு ட்ரேயைத் திருப்பினார். "கேட்டிருந்தா வெரல விட்டு எண்ணிக் காட்டியிருப்பேன். ரண்டு நிமிசம்."

மன்னிப்பு என்ற வார்த்தையை எங்கள் வீட்டில் யாரும் யாரிடமும் சொன்னதில்லை. எனக்கும் வரவில்லை. சாப்பிட்டுவிட்டுப் போகச் சொன்னார். அவர் டப்பாவில் இருந்த புளிச்சோற்றைப் பாதிப் பாதியாகச் சாப்பிட்டோம்.

ஒரு மாதம் கழித்து அவரைத் திரும்பச் செட்டர் ரூமுக்கு எடுத்துக்கொண்டார்கள். ஆனால் ஒவ்வொரு ட்ராலியிலும் இப்போது அச்சடித்த அட்டை தொங்குகிறது. எத்தனை நாள் ஆனது என்பதை அட்டையைப் பார்த்துத்தான் சொல்ல வேண்டுமாம். பதினெட்டு வருடத்தில் இல்லாத அட்டை. நான் உண்டாக்கிய அட்டை என்று அதைப் பார்க்கும்போதெல்லாம் நினைத்துக்கொள்வேன்.

என் அத்தியாயம் ஆய்வுக்குழுவுக்குப் போனது. நாலு நாள் முடியும்போது லேசான கறை, ஐந்து முடியும்போது கோடு, பிறகு கொஞ்சம் கொஞ்சமாக மறைந்துபோகிறது. ஆனால் அது மூப்பு என்று நான் எங்கும் உறுதியாக எழுதவில்லை. நீலம் என்றுதான் எழுதினேன். பிரிவதை நிறுத்தச் சொல்லும் புரதம் அதே செல்லில் இருக்கிறதா என்று தனியாகப் பார்க்க வேண்டும். அந்த வேலை இன்னும் முடியவில்லை. நீலம் என்று மட்டும் எழுதியதற்கு நெறியாளர் தலையாட்டினார்.

அதற்குத் தேவையான முட்டைக்காகப் போன திங்கட்கிழமை ஹேச்சரிக்குப் போனேன். அப்பா பெட்டியை எடுத்துக்கொண்டு வந்தார். முட்டைகளில் எண்ணே இல்லை. ஒவ்வொன்றிலும் பென்சிலால் நாலு முழுக் கோடு, பக்கத்தில் ஒரு அரைக் கோடு.

"நாலு முடிஞ்சு அஞ்சு நடக்குது. அட்டையிலயும் அப்படித்தான் வருது, பாத்துக்க. அஞ்சு முடியோணும்னா நாளைக்குக் காத்தால வரைக்கும் உன்ற காலேஜ் பொரிப்புப் பொட்டியில வெச்சுக்க சாமி."

நான் ஒரு முட்டையை எடுத்தேன். கோடு தெளிவாக இருந்தது, அவர் சொன்னதும் தெளிவாக இருந்தது. இருந்தாலும் என் கை பையில் இருந்த டார்ச்சைத் தேடி எடுத்தது. அவர் பார்த்துக்கொண்டிருக்கிறார் என்று தெரிந்துதான் எடுத்தேன். முட்டையின் அடியில் டார்ச்சை வைத்துப் பொத்தானை அழுத்தினேன். ஜன்னல் வெயில் நேராக முட்டை மேல் விழுந்ததால் உள்ளே ஒன்றும் சரியாகத் தெரியவில்லை.

அப்பா ஒரு எட்டு நகர்ந்து ஜன்னலுக்கும் முட்டைக்கும் நடுவில் வந்து, இரண்டு உள்ளங்கைகளையும் குவித்து வெயிலை மறைத்துப் பிடித்தார், எனக்கு நரம்பு நன்றாகத் தெரியட்டும் என்று.